பட்டாசு ஆலையில் ஓர் அதிரசப் பந்தி



தீபாவளி என்ற சொல்லைக் கேட்டவுடன் புத்தாடையும் பட்டாசும் பலகாரமும் உங்கள் நினைவில் எழும். ஆடையை நெய்தவர் யார் என்று நீங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை, அது இயல்பே. பட்டாசு எங்கே செய்யப்பட்டது என்பதை மட்டும் எல்லாரும் அறிவீர்கள். பெட்டியின்மேல் சிவகாசி என்று அச்சாகியிருக்கும். ஆனால் அந்தப் பட்டாசைச் செய்த கைகள் தம் தீபாவளியை எவ்வாறு கொண்டாடுகின்றன என்பது எந்தப் பெட்டியின்மேலும் அச்சாவதில்லை. அதைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். பெரிய செய்தி ஒன்றும் அன்று; ஒரு வீட்டில் சுட்ட அதிரசம் ஓர் ஆலையில் உண்ணப்பட்ட கதை. எனினும் அந்தச் சிறு கதைக்குள் அரிசியும் உண்டு, வேதியியலும் உண்டு, சாதியும் உண்டு, சாவும் உண்டு.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணை. விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்தது. வரலாறு படிக்கும் மாணவர்கள் இப்பெயரைப் பாளையக்காரர் பற்றிய பாடத்தில் கண்டிருக்கலாம். 1799ஆம் ஆண்டில் கட்டபொம்மனை வீழ்த்திய கும்பினியார், பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பறித்துக்கொண்ட பாளையங்களுள் இதுவும் ஒன்று. இன்றோ பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் சூழ்ந்த ஊர். சுற்றிலும் கரிசல் மண், மழை குறைவு, கோடை நீளம். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1920களில் அதனைச் சிவகாசியில் தொடங்கிய செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அதன் அருகே வளர்ந்தது. மழை பொய்க்கும் நிலம் உழவனுக்குப் பகை. மருந்தையும் தாளையும் உலர்த்துவோர்க்கு நட்பு. எங்கள் பக்கத்துப் பெண்கள் வயலை விட்டு ஆலைக்குச் சென்றமைக்குக் காரணம் இதுவே.

இந்த மண்ணில் மிகுதியாக விளைந்தவை கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் ஆகும். நெல், கண்மாய்த் தண்ணீர் எட்டிய சிறு பகுதிகளிலேதான் விளைந்தது. என் ஆச்சியின் இளமைக் காலத்தில் நெல்லுச்சோறு திருநாளுக்கு உரியது. அன்றாடம் உண்பது கம்பங்கஞ்சியும் சோளச்சோறுமே. ஆகவே அரிசியை இடித்து, கருப்பட்டிப் பாகில் கூட்டி, எண்ணெயில் இட்டு எடுப்பது என்றால், வீட்டில் எளிதில் கிடையாத மூன்று பொருள்களை ஒரே சட்டியில் சேர்ப்பது என்று பொருள். அத்தகைய பண்டத்தை ஆண்டுக்கு ஒருமுறை செய்தார்கள். செய்ததை எண்ணிப் பங்கிட்டார்கள். சம்பந்தி வீட்டுக்கு இத்தனை, பங்காளி வீட்டுக்கு இத்தனை, சாமிக்கு இத்தனை என்று ஆச்சி விரல் மடக்கிக் கணக்கிடுவதை நான் கண்டிருக்கிறேன். அக்கணக்கில் வேலை செய்யும் இடத்தார்க்குப் பங்கு இல்லை. ஏனெனில் ஆச்சிக்கு வேலை செய்யும் இடம் என்பதே தன் புன்செய்தான்.

அதிரசம் பழமையான பண்டம். திருமலைக் கோயிற் கல்வெட்டுக்களில், விசயநகர மன்னர் காலத்தில் இறைவனுக்குப் படைக்கப்பட்ட பணியாரங்களுள் அதிரசப்படி என்பதும் குறிக்கப்படுகிறது. தெலுங்கர் இதனை அரிசெலு என்பர். மராத்தியர் அனரசா என்பர். ஒடியர் ஆரிசா என்பர். அவரவர் கைப்பக்குவம் வேறு வேறு. எனினும் ஊறிய அரிசியின் மாவும் வெல்லப் பாகும் என்னும் அடிப்படை ஒன்றே. எங்கள் கரிசற் காட்டில் வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் வீட்டில் எள்ளை மேலே ஒற்றிச் சுடுவார்கள். எங்கள் வீட்டில் எள்ளை மாவினுள்ளே கலந்து விடுவோம். எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. என் தீர்ப்பைக் கேட்டால் எள் உள்ளேதான் இருக்க வேண்டும். எண்ணெயில் உதிர்ந்து கருகாது.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். இதில் கற்கத்தக்கது உண்டு.

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றும் வடித்து, நிழலில் துணிமேல் பரப்ப வேண்டும். வெயிலில் இடலாகாது. அரிசியைக் கையில் அள்ளினால் கையில் ஒட்டக் கூடாது. ஆனால் பல்லில் வைத்தால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தை அறிந்து உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். இடித்த மாவு கையில் பிடித்தால் பிடிபட வேண்டும். விட்டால் உதிர வேண்டும். கடையில் விற்கும் உலர்ந்த மாவில் அதிரசம் செய்தால் அது ஓடு போலாகும். உலர்ந்த மாவு பாகில் உள்ள நீரையெல்லாம் தானே உறிஞ்சிக் கொள்ளுவதே அதற்குக் காரணம்.

அடுத்தது பாகு. எங்கள் பக்கத்தில் பனங்கருப்பட்டி சேர்ப்பதே வழக்கம்; கருப்பட்டி விலை ஏறிய ஆண்டுகளில் பாதிக்குப் பாதி வெல்லம் சேர்ப்பதும் உண்டு. பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா? அதனால் கருப்பட்டியைக் கரைத்தால் அடியில் வண்டல் தங்கும். வடிகட்டாமல் காய்ச்சினால் பல்லில் நறநறக்கும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ கருப்பட்டி. கரைத்து, வடித்து, அடுப்பில் ஏற்றிக் கிளற வேண்டும். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இங்கே கவனியுங்கள். தனி நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். சர்க்கரை கரைந்த நீர் அதற்கும் மேலே சென்று கொதிக்கும். நீர் ஆவியாக ஆவியாகப் பாகு செறிகிறது. செறியச் செறியக் கொதிநிலை ஏறுகிறது. ஏறத்தாழ 112 முதல் 116 பாகைக்குள் வரும்போது, ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் அது கரையாமல் திரண்டு, விரலால் உருட்டினால் மெத்தென்று உருளும். அதுவே அதிரசப் பதம். அதற்கு முன் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். அதற்குப் பின் இறக்கினால் கடிக்க உளி வேண்டும். என் அம்மாவிடம் வெப்பமானி இல்லை. ஒரு கிண்ணம் தண்ணீரும் ஆட்காட்டி விரலும் இருந்தன.

பாகை இறக்கி, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். இளகிய சாந்து போல் வந்ததும் நிறுத்தி, மேலே நெய் தடவி, பானையில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி வைக்க வேண்டும். இவ்விடத்திலேதான் அதிரசம் பிற பலகாரங்களினின்றும் வேறுபடுகிறது. முறுக்கு மாவைப் பிசைந்த உடனே பிழியலாம். அதிரச மாவு காத்திருக்க வேண்டும். ஒரு நாள் போதும் என்பார் உண்டு. எங்கள் வீட்டில் மூன்று நாள். அந்த மூன்று நாளில் பாகின் ஈரமும் இனிப்பும் ஒவ்வொரு மாவுத் துகளுக்குள்ளும் சீராகப் புகுகின்றன. தளர்ந்திருந்த மாவு இறுகுகிறது. பிறகு வாழையிலையில் தட்டி, மெல்லிய நெருப்பில் சுட்டு, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கிடையே வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிந்து எடுக்கிறோம். இனிப்பு மிகுதியால் நீர் கட்டுண்டு கிடப்பதால் அதிரசம் பல நாள் கெடுவதில்லை. தூர ஊருக்குக் கட்டிக் கொடுக்கவும், ஆலைக்குத் தூக்கிச் செல்லவும் இதைவிட ஏற்ற பண்டம் வேறில்லை.

நான் ஊரை ஒட்டிய ஒரு பட்டாசு ஆலையில் கணக்கெழுதும் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். பட்டாசு ஆலை என்றவுடன் நூற்பாலை போல நீண்ட கட்டடமும் உள்ளே நூற்றுக் கணக்கானவரும் என்று எண்ணி விடாதீர்கள். அது அப்படி இருத்தலாகாது என்பதே சட்டம். பரந்த பொட்டலில், வேப்ப மரங்களின் நடுவே, சிறு சிறு அறைகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கும். மருந்து செலுத்தும் ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது. மருந்து கலக்கும் அறையில் இருவரே. ஓர் அறையில் தீ எழுந்தாலும் அடுத்த அறைக்குத் தாவாதிருக்கவே இத்தனை இடைவெளி. வாசலில் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் இருக்கும். செருப்பை வெளியே விட்டு, பருத்தி ஆடையோடுதான் உள்ளே செல்ல வேண்டும். நைலான் சேலை உராய்ந்தால் மின்னூட்டம் பிறக்கும். இரும்புக் கருவி கூடாது, மரமும் பித்தளையுமே. பீடி, தீப்பெட்டி, கைப்பேசி ஆகிய மூன்றும் வாயிற் காவலரிடம் தங்கிவிடும்.

இந்த ஏற்பாடு உயிரைக் காக்கிறது. ஆனால் இதனால் விளையும் மற்றொன்றையும் நான் கண்டேன். ஒரே ஆலையில் பத்து ஆண்டு வேலை செய்த இரு பெண்கள் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருப்பார்கள். தன் அறையில் உள்ள மற்ற மூவரே அவளுக்கு ஆலை முழுவதும். அந்த நால்வரும் பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்து ஒரே வண்டியில் வருவார்கள். உணவுக் கொட்டகையிலும் அந்தந்தத் தெருவார் அந்தந்த மூலையில் அமர்ந்து தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். குழம்பு கைமாறுவது மூலைக்குள்ளேதான். மூலையிலிருந்து மூலைக்கு அன்று. இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆயினும் நால்வர் விதியைக் காட்டிலும் இவ்வழக்கம் ஒழுங்காகக் கைக்கொள்ளப்பட்டது.

அதிரசத்துக்கும் மருந்துக்கும் உள்ள ஒரு முரணை ஈண்டுச் சொல்ல வேண்டும். மருந்தறையிலும் ஒருவகை மாவுப் பிசைதல் நடக்கிறது. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் முதலியவற்றைச் சலித்து, அளந்து, கையால் கலக்கிறார்கள். சல்லடையும் உண்டு, அளவும் உண்டு, பக்குவமும் உண்டு. ஆனால் அதிரச மாவு காத்திருந்தால் சிறக்கும். பட்டாசு மருந்து காத்திருந்தால் கொல்லும். அலுமினியம் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளே வினை நிகழ்ந்து வெப்பம் பிறக்கும். குவித்து வைத்த மருந்தில் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பற்றும். ஆகையால் அன்று கலந்த மருந்தை அன்றே செலுத்தி முடிக்க வேண்டும். எஞ்சியதை அறையில் வைத்துப் பூட்டிச் செல்லலாகாது. தீபாவளியோ ஐப்பசியில் வருகிறது. ஐப்பசி அடை மழைக் காலம். காற்றெல்லாம் ஈரம். வீட்டில் அரிசி உலரவில்லையே என்று ஒரு கவலை. ஆலையில் மருந்து ஈரமாகிறதே என்று ஒரு கவலை. எங்கள் பெண்கள் இவ்விரண்டையும் ஒரே நாளில் சுமந்தார்கள். ஆலைச் சேலையோடு அடுப்பங்கரைக்குள் வரலாகாது என்பது எங்கள் ஊர் வீடுகளில் எழுதப்படாத விதி. குளித்து, சேலை மாற்றிய பின்னரே அடுப்பண்டை அனுமதி. மடிந்த கொசுவத்தில் தங்கிய தூள் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் அம்மா காலமான மறு ஆண்டின் அடுத்த தீபாவளிக்கு நான் மூன்று கிலோ அரிசி ஊறவைத்தேன். வீட்டில் உண்போர் மூவர். அம்மாவின் கை அளவிலேயே நானும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒன்றைத் தவிர வேறு திட்டம் எனக்கு இல்லை. சுட்டு எண்ணிப் பார்த்தால் நூற்று முப்பத்தெட்டு. ஆலையில் அன்று வருகைப் பதிவில் இருந்தவர் நூற்றுப் பத்தொன்பது பேர். கணக்கெழுதுபவளுக்கு இரண்டு எண்கள் அருகருகே நின்றால் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பனையோலைப் பெட்டி இரண்டில் அடுக்கி எடுத்துச் சென்றேன்.

தேநீர் இடைவேளை பத்து நிமிடம். செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி என்பதால் அந்தப் பத்து நிமிடத்தையும் முழுமையாக எடுத்துக்கொள்ளாத பெண்களே மிகுதி. அன்று கொட்டகைக்கு எல்லாரையும் அழைத்தேன். வந்தார்கள். ஆனால் ஒருவரும் பெட்டியில் கையிடவில்லை. காரணம் கைகள். அலுமினியத் தூள் படிந்து வெள்ளி வார்த்தாற் போல் மின்னுகின்ற கைகள். மதிய உணவுக்குச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ நேரம் உண்டு, தேநீருக்கு இல்லை. அந்தத் தூளும் உப்பும் வயிற்றுக்குள் போகலாகாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கொட்டகையில் சுத்தமான கை இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒருத்தி நான். மற்றொருவர் ஆலைக்குத் தண்ணீர் சுமக்கும் மூதாட்டி. எல்லாரும் அவரைப் பெரியம்மா என்பார்கள். பெரியம்மா என்பார்களே ஒழிய, அவர் வாழ்ந்த தெருவில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் அக்கூட்டத்தில் பாதிப் பேர் இல்லை.

நான் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் தொடங்கினேன். பெரியம்மா யாரையும் கேட்கவில்லை. மற்றப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மறு பக்கம் தொடங்கினார். "ஏ தாயி, வாயத் திற" என்றார். முதலில் நின்ற பெண் திறந்தாள். அதிரசத்தை இரண்டாகப் பிட்டு, முதற் பாதியை அவள் வாயில் வைத்து, அவள் மென்று முடிக்கும் வரை மறு பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்தவள் திறந்தாள். அதற்கடுத்தவள் என்னைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள், அவளும் திறந்தாள். இருவர் மட்டும் தமக்கு அன்று விரதம் என்றார்கள். அது எந்தச் சாமிக்கு உரிய விரதம் என்று பெரியம்மா கேட்கவில்லை. "சரி தாயி" என்று சொல்லித் தாண்டிப் போனார். அந்த இருவர் பங்கையும் தாளில் மடித்து அவர்களுடைய தூக்குச் சட்டியின்மேல் வைத்துவிட்டு வந்தார் என்பதைப் பிறகு அறிந்தேன்.

இதனால் சாதி ஒழிந்தது என்று நான் கூற வரவில்லை. மறுநாள் மதியம் அந்தந்தத் தெருவார் அந்தந்த மூலையிலேதான் இருந்தார்கள். ஆனால் அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி முந்திரிக்கொத்துக் கொண்டு வந்தாள். எல்லாருக்கும் எண்ணிக் கொண்டு வந்தாள். அடுத்த தீபாவளிக்கு எள் ஒற்றிய அரிசெலு ஒரு தூக்கு நிறைய வந்தது. தீபாவளிச் சீட்டுப் பிடிக்கும் பெண்கள் மாதந்தோறும் சேர்த்த பணத்தில் அரிசியும் வெல்லமும் எண்ணெயும் வாங்கும்போது, ஆலைக்கு என்று ஒரு கிலோ தனியாக நிறுத்தார்கள். விரதம் என்ற இருவருள் ஒருத்தி மூன்றாம் ஆண்டில் பெரியம்மாவின் முன் வாய் திறந்தாள். மற்றவள் திறக்கவேயில்லை, வேலையை விட்டுப் போகும் வரையில் தாளிலேதான் பெற்றுக்கொண்டாள்.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. சரவெடி செய்வதும், பேரியம் உப்புக் கலப்பதும் தடுக்கப்பட்டன. அத்தீர்ப்பின் நன்மை தீமைகளை ஆராய்வதற்கு இது இடம் அன்று. நகரத்துக் குழந்தைகளின் நுரையீரலும் மெய். சரம் பின்னுவதைத் தவிர வேறு தொழில் அறியாத எங்கள் பெண்களின் அடுப்பும் மெய். அத்தீபாவளிக்குப் பின் ஆலைகள் பல மாதம் அடைந்து கிடந்தன. நான் பதிவேட்டில் நூற்றுப் பத்தொன்பது என்று எழுதிய இடத்தில் பிறகு அறுபது, எழுபது என்றே எழுத நேர்ந்தது.

பின்னர் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள். எங்கள் ஊருக்கு அருகில் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நான் பணிபுரிந்த ஆலை அது அன்று. ஆனால் எங்கள் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு அங்கே அக்காளும் உண்டு, மதினியும் உண்டு, ஒரே வண்டியில் வந்து பாதி வழியில் இறங்கும் தோழியும் உண்டு. அந்த வாரம் எங்கள் பதிவேட்டில் வருகை என்று எழுத எதுவுமில்லை.

துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டு வரை நல்ல நாளுக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றலாகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வீட்டுப் பிள்ளைகள் பலகாரம் இன்றி இருப்பார்களோ என்றால், இல்லை; உறவினர் தம் வீட்டில் சுட்டுக் கொண்டு வந்து கொடுப்பார்கள். ஆனால் ஒரு சாவுக்கு என்று அமைந்த வழக்கம் அது. ஒரே நாளில் பல வீடுகளில் துக்கம் விழுந்தால், சுட்டுக் கொடுக்க வேண்டிய உறவினர் வீட்டிலும் சட்டி கவிழ்ந்தே கிடக்கும் அல்லவா? அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் தீபாவளி. இரண்டு வாரத்துக்கு முன்பே இதைக் கொட்டகையில் எடுத்துச் சொன்னவர் பெரியம்மா. "உறவுக்காரவுக சுட முடியாது. கூட வேல பாத்தவுக சுடலாம்ல?" என்று கேட்டார். வழக்கத்தின் எந்தப் பக்கத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வழக்கத்தில் அவர்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. இல்லை என்பதனால் தடையும் இல்லை என்று முடிவாயிற்று.

அவ்வாண்டு எட்டுக் கிலோ அரிசி ஊறவைத்தோம். மழை விடவில்லை, என் வீட்டு முன்னறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரை முழுவதும் துணி விரித்து அரிசியை உலர்த்தினோம். உரலில் இடிக்க முடியாத அளவு. ஈரமாவு அரைக்கும் மில்லில் கொடுத்தோம். பாகு நான் வைத்தேன். மூன்று நாள் மாவு இருந்தது. நான்காம் நாள் விடுமுறை. பதினோரு பெண்கள் குளித்து, சேலை மாற்றி, என் வீட்டுக்கு வந்தார்கள். ஓட்டு வீட்டின் பின்கட்டில் மூன்று அடுப்பு. தட்டுவதற்கு ஐவர், சுடுவதற்கு மூவர், கரண்டியால் எண்ணெய் பிழிய இருவர். பெரியம்மாவுக்குக் கண் பார்வை மங்கியிருந்தது. ஆறிய அதிரசத்தைப் பெட்டியில் அடுக்கும் வேலை அவருக்கு. யார் தொட்டது, யார் தொடாதது என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி முந்நூற்று எழுபது அதிரசம் அடுக்காகி நின்றன.

வீடு வீடாகக் கொண்டு போனோம். துக்க வீட்டில் வா என்று சொல்ல மாட்டார்கள். புறப்படும்போது போய் வருகிறேன் என்று நாமும் சொல்லலாகாது. திண்ணையில் பெட்டியை வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்து வருவதுதான். நாங்கள் எந்தத் தெருவார் என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை. எந்த ஆலை என்று மட்டும் ஒரு வீட்டில் கேட்டார்கள், சொன்னோம். வேறொரு வீட்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெட்டியைத் திறந்து, வீட்டில் உள்ளவர்களுக்கு என்று எண்ணி எடுத்து வைத்தான். அவன் எடுத்தது ஒன்று கூடுதலாக இருந்தது. யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது ஆலைகளில் தீபாவளிக்கு அட்டைப் பெட்டியில் இனிப்பு கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாத்தூர்க் காராச்சேவும் அதனோடு வரும். ஆயினும் கொட்டகையில் அதிரசமும் தவறாமல் வருகிறது. யார் முறை என்று முன்னமே பேசிக்கொள்ளுகிறார்கள். சில ஆண்டு கருப்பட்டி, சில ஆண்டு வெல்லம். ஓர் ஆண்டு தினை மாவில் செய்து ஒருத்தி கொண்டு வந்தாள், நன்றாகவே இருந்தது. பெரியம்மா இப்போது வேலைக்கு வருவதில்லை. வாயில் ஊட்டும் வழக்கம் அவரோடு நின்றுவிட்டது. ஒரு துண்டு வாழையிலையில் வைத்து நீட்டுகிறார்கள், இலையோடு பிடித்து உண்கிறார்கள். மருந்து கலக்கும் அறையிலிருக்கும் இருவர் மட்டும் மற்றவரோடு வர முடியாது. அவர்கள் கலவையை முடித்துக் கொடுத்து, உடல் முழுவதும் கழுவிக்கொண்டு வர நண்பகல் ஆகும். அவர்களுக்கென்று இரண்டு அதிரசம் தூக்குச் சட்டியின் மூடியில் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். அதை வேறு யாரும் தொடுவதில்லை.